தலைப்பில்லாத தாள்

18 நவம்பர் 2024, திங்கள்

ஜனவரியில் மார்கிட் வருகிறாளாம். ஐரோப்பாவிலிருந்து எங்கள் அமைப்புக்குப் பணம் அனுப்புகிற நிதியத்தின் மதிப்பீட்டாளர். காலையில் மின்னஞ்சல் வந்ததிலிருந்து திருவேங்கடம் சார் ஜாதவ்பூர் அலுவலகத்தின் மூன்று அறைகளிலும் நடந்துகொண்டே இருக்கிறார். இயக்குநர் என்றால் நடந்தால் போதும். அறிக்கை எழுதத்தான் நான் இருக்கிறேனே.

"ஜலஜா, மதன்காலி சம்மதத் தாளெல்லாம் பத்திரமா இருக்கோன்னோ?" நாலு தடவை கேட்டுவிட்டார்.

இருக்கிறது. சுந்தரவனத்தில் மதன்காலி கிராமத்தை ஒட்டி ஓடும் கழியையும் இரண்டு கரை அலையாத்திக் காட்டையும் ஐந்து வருஷம் யாரும் நுழையாமல் மூடிவைக்க ஊரே சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட தாள்கள். பதினொரு பக்கம். அதைப் பார்த்துத்தான் நிதியம் பணம் கொடுத்தது. அதை வைத்துத்தான் கழிக்குக் காவல் போட்டோம். நண்டு பிடிக்க உள்ளே போகும் படகுகளைப் பிடித்துக் கட்டிவைக்கிறோம்.

இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை, எழுதிவிடுகிறேன். ஊர் சம்மதிக்கவே இல்லை. 2021 புயலுக்குப் பிறகு தார்ப்பாய் கொடுத்தபோது வாங்கிய கையெழுத்து அது. எங்கள் அலுவலகத்தில் எந்தத் தாளுக்கும் முதலில் தலைப்பு கிடையாது. கிராமத்துக்குப் போனால் வெறும் கட்டம் போட்ட தாளில் கையெழுத்து வாங்கி வருவோம். எந்த அறிக்கைக்கு வேண்டுமோ அந்தத் தலைப்பைப் பிறகு எழுதிக்கொள்வோம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சார் சொன்னார், நான் எழுதினேன். என் கையெழுத்து அழகு என்று பள்ளிக்கூடத்திலேயே பேர்.

21 நவம்பர், வியாழன்

பாருல் மண்டல் என்று ஒருத்தி. மதன்காலியில் நண்டு பிடிக்கிற பெண்களுக்குத் தலைவி மாதிரி. விடியற்காலை கானிங் லோக்கல் பிடித்து ஜாதவ்பூர் ஸ்டேஷனில் இறங்கி, விசாரித்து விசாரித்து அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். சாருக்கு வங்காளம் அரைகுறை. "நீயே பேசி அனுப்பிடும்மா" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மானஸ்தர்.

"திதி" என்றாள், அக்காவுக்கு வங்காளம். "என் படகை உங்க ஆளுங்க கட்டி வெச்சிருக்காங்க. கேட்டா, கழியை மூட நானே கையெழுத்துப் போட்டேனாம். அந்தத் தாளைக் காட்டுங்க. என் கையெழுத்து எனக்குத் தெரியும்."

ஃபைல் டெல்லிக்குப் போயிருக்கிறது என்றேன். ஃபைல் என் முழங்கைக்குக் கீழேதான் இருந்தது.

"தார்ப்பாய்க்குப் போட்டேன். அதைத் தவிர உங்க தாள் எதுலயும் நான் கை வெச்சதில்ல. கழி போச்சு, மருமக ஒன்றரை வருஷமா வெளியூர்ல வேலை பார்க்கறா. கழி இருந்தா அவ ஏன் போகணும்?"

எழுதித் தாருங்கள், பரிசீலிக்கிறோம் என்றேன். எழுதினால் அதற்கும் நீங்களே தலைப்புப் போட்டுக்கொள்வீர்கள் என்றாள். நாலு மணி வரை மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். இரக்கம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அவள் பேசியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லையே என்ற எரிச்சல்.

22 நவம்பர், வெள்ளி

இன்றும் வந்தாள். நான் லீவு என்று வாட்ச்மேனைச் சொல்லச் சொன்னேன்.

1 டிசம்பர், ஞாயிறு

வாஞ்சியோடு கரியாஹாட். நடைபாதைக் கடையில் போர்வை பார்த்தோம். "ரெண்டாவது தடவை கேட்டா பாதியாக் குறைப்பான், மூஞ்சியப் பாரு" என்று கடைக்காரன் எதிரிலேயே தமிழில் சொன்னார் என் வீட்டுக்காரர். அப்படியே குறைத்தான். லேக் மார்க்கெட்டில் இந்த வித்தை நடக்காது. அங்கே கறிவேப்பிலை விற்கிறவனுக்குக்கூடத் தமிழ் புரியும். மற்ற இடங்களில் தமிழ் எங்களுக்கு ஒரு கதவு. சாத்திக்கொண்டு யாரை வேண்டுமானாலும் வையலாம். அப்பா துறைமுக வேலைக்கு வந்து, நான் இங்கேயே பிறந்து வளர்ந்து, நாற்பத்திரண்டு வருஷத்தில் கண்ட சௌகரியம் இது ஒன்றுதான். சாரும் நானும் ஒவ்வொரு கூட்டத்திலும் இதைத்தான் செய்கிறோம்.

திரும்பி வரும்போது பாருல் விஷயத்தைச் சொன்னேன்.

"எழுதச் சொன்னது அவர்தானே? உனக்கென்ன வந்தது? ரெண்டு வருஷமா இல்லாத மனசாட்சி இப்ப எதுக்கு?"

அவர் சொன்ன முதல் பாதிக்கு ஆறுதல் அடைந்திருக்கலாம். இரண்டாவது பாதியையும் சொல்லித் தொலைத்தார்.

12 டிசம்பர், வியாழன்

மார்கிட்டிடமிருந்து ஒரு கேள்வி. சம்மதத் தாள்களில் ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் கடைசிக் கட்டத்தில் 12, 15, 18 என்று இருக்கிறதே, அது என்ன?

தார்ப்பாயின் நீளம்! அடிக் கணக்கு. தார்ப்பாய் கொடுத்தபோது கட்டத்தின் மேல் குறித்திருந்த 'நீளம்' என்ற சொல்லை மறைத்தவள், கட்டத்தை அப்படியே விட்டிருக்கிறேன். இதைவிட லட்சணமாக ஒரு திருட்டைச் செய்ய முடியாது.

சார் அரை மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "நண்டு பிடிக்கற அனுபவம். வருஷக் கணக்கு. அப்படின்னு எழுதிடு."

எழுதினேன். சாயங்காலமே பதில். இத்தனை அனுபவமுள்ளவர்களே கழியை மூடச் சம்மதித்திருப்பது மனதைத் தொடுகிறதாம், இதை ஆண்டு மலரில் போடப் போகிறார்களாம். பாத்ரூமுக்குப் போய்த் தனியாகச் சிரித்தேன். பாருலின் அனுபவம் பதினைந்து அடி.

சிரித்து முடித்ததும் ஒன்றும் நன்றாக இல்லை.

13 ஜனவரி 2025, திங்கள்

மார்கிட் வந்தாயிற்று. வெறுக்கத் தயாராகப் போயிருந்தேன். சின்ன உருவம், தேய்ந்த செருப்பு, எதைச் சொன்னாலும் நோட்டில் குறிக்கிறாள். நம்புகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நாங்கள் சொல்வதைச் சரிபார்க்க இவ்வளவு தூரம் வந்து, எங்களையே மொழிபெயர்க்கச் சொல்கிறவளை என்னவென்பது?

நாளை பொங்கல். வியாழன் மதன்காலி. மொழிபெயர்ப்பு நான்தான்.

16 ஜனவரி, வியாழன்

நடந்தது நடந்தபடி எழுத வேண்டும். நாளைக்கு எழுதினால் என்னைக் கொஞ்சம் நல்லவளாக்கி எழுதிவிடுவேன்.

மதன்காலி பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் கூட்டம். பெண்கள்தான் அதிகம். மார்கிட் நாற்காலியில், ஒரு பக்கம் சார், ஒரு பக்கம் நான். நலம் விசாரிப்பு, இளநீர், எங்கள் பேனர் முன்னால் புகைப்படம். அப்புறம் பாருல் எழுந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை, மார்கிட்டை மட்டும் பார்த்தாள்.

"நாங்க கையெழுத்துப் போட்டது தார்ப்பாய்க்கு. கழியை மூடறதுக்கு இல்ல. இவங்க எங்க பேரை எடுத்து வேற காகிதத்துக்குப் போட்டுட்டாங்க. பதினாலு படகு கட்டிக் கிடக்கு."

சார் மார்கிட்டைப் பார்த்துச் சிரித்த முகம் மாறாமல், தமிழில், என்னிடம்: "அதையெல்லாம் சொல்லிண்டிருக்காதே. குடுத்த தார்ப்பாய் போறலை, இன்னும் வேணும்னு கேக்கறான்னு சொல்லிடு."

சொன்னேன். இங்கிலீஷில், தடங்கல் இல்லாமல், கனிவான குரலில்கூட. புயலில் கூரை போனவர், இன்னும் தார்ப்பாய் கேட்கிறார் என்றேன். மார்கிட் "ஐயோ பாவம்" என்கிற மாதிரித் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டாள்.

"இதுகளுக்கு எவ்வளவு குடுத்தாலும் போறாது" என்றார் சார். "சீக்கிரம் முடி. மூணு மணிக்குள்ள படகு ஏறணும்."

மூங்கில் தூணில் சாய்ந்து நின்றிருந்த ஒரு பெண், இருபத்துநாலு இருபத்தைந்து வயதிருக்கும், பாருலின் தோளைத் தொட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

"ஏனுங்கக்கா, அத்தை சொன்னது அது இல்லீங்களே."

தமிழ். கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தமிழ். மதன்காலியில்.

"திருப்பூர்ல பனியன் கம்பெனில ஒன்றரை வருசமுங்க. பொங்கலுக்கு லீவு உட்டாங்க, வந்தேன். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டது அத்தனையும் கேட்டேனுங்க. நீங்களே அந்தம்மாகிட்டச் சொல்லிடறீங்களா, இல்ல நான் இங்க எல்லார்த்துக்கும் வங்காளத்துல சொல்லட்டுங்களா?"

வெளியூர் போன மருமகள். பெயர் மாம்பி. நான் எழுதிய ஒரு வரித் தலைப்பு கழியை மூடி, அவளைத் திருப்பூர் வரைக்கும் அனுப்பி, தமிழ் படிக்கவைத்து, என் எதிரிலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. சார் இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். "இவர் என்ன சொல்கிறார்? இது எந்த மொழி?" என்று மார்கிட் கேட்டாள்.

என் மொழி என்றேன். பிறகு சொன்னேன். பாருல் சொன்னது, சார் சொல்லச் சொன்னது, நான் மாற்றிச் சொன்னது, பன்னிரண்டு பதினைந்து பதினெட்டு எல்லாம் தார்ப்பாய் அடி. தலைப்பை எழுதியது யார் என்று கேட்டாள். நான்.

நல்ல மனசால் சொன்னேனா? இல்லை. இருநூறு பேர் சுற்றி நின்றார்கள், பயந்துதான் சொன்னேன். மாம்பி கேட்டிருக்காவிட்டால் மூணு மணிப் படகில் ஏறியிருப்பேன். இதை எழுதத்தான் நோட்டைத் திறந்தேன்.

17 ஜனவரி, வெள்ளி

சாரிடமிருந்து ஒரே ஒரு செய்தி: "நம்மவாளே காலை வாரினா என்ன பண்றது." நம்மவா!

4 பிப்ரவரி, செவ்வாய்

நிதியம் பணத்தை நிறுத்திவிட்டது. கடிதம் இரண்டு பக்கம், அத்தனையும் வருத்தம். 'எங்கள் சரிபார்ப்பு முறையையும் மேம்படுத்துவோம்' என்று கடைசியில் ஒரு வரி. சார் சென்னைக்குக் கிளம்பிவிட்டார். எனக்கு வேலை இல்லை. பதினாலு படகையும் அவிழ்த்துவிட்டார்களாம். காவல் வேலை பார்த்த மூன்று பேரும் அதே ஊர்க்காரர்கள், அவர்களுக்கும் வேலை போயிற்று. யாரும் எனக்கு நன்றி சொல்லப் போவதில்லை, சொன்னால் நானே அடிப்பேன்.

"உன்னை யார் சொல்லச் சொன்னா?" என்றார் வாஞ்சி. பிறகு அவரே காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். குடித்தேன்.

16 மார்ச், ஞாயிறு

மாம்பியிடமிருந்து போன் வந்து, மதன்காலிக்குப் போய் வந்தேன். அவள் திருப்பூருக்குத் திரும்பவில்லை, அத்தையோடு படகில் போகிறாள். பெண்கள் நேராக நிதியத்துக்கே எழுதப் போகிறார்களாம். சினை நண்டுக் காலத்தில் இரண்டு மாதம் கழியை அவர்களே மூடுவார்கள், அவர்களே காவல் இருப்பார்கள், மற்ற மாதங்களில் வழக்கம்போலத் தொழில். அதை இங்கிலீஷில் எழுதித் தர ஆள் வேண்டும். வேறு ஆள் கிடைக்கவில்லை என்று மாம்பி முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

அதே தாழ்வாரம். பாருல் எல்லோருக்கும் தேநீர் கொடுத்தாள். என்னைத் தாண்டிக்கொண்டு போனாள். பெண்கள் பேனாவோடு வரிசையில் நின்றார்கள், யாரும் தாள் பக்கம் வரவில்லை. பழக்கதோஷத்தில் நான் கட்டம் போட ஆரம்பித்திருந்தேன். மாம்பி தாளின் மேல் கையை வைத்தாள்.

"மொதல்ல தலைப்பு எழுதுங்கக்கா."

எழுதினேன். இங்கிலீஷில் எழுதியதைப் படிக்கச் சொன்னாள், தமிழில். படித்தேன். அவள் அதை வங்காளத்தில் சொன்னாள். பாருல் மறுபடி ஒரு தடவை படிக்கச் சொன்னாள். மூன்றாவது தடவை படித்த பிறகுதான் தாளைத் தன் பக்கம் இழுத்து, தலைப்புக்கு நேர் கீழே, இடம் விடாமல், கையெழுத்துப் போட்டாள்.