மீட்டர் வேண்டும் என்று எழுதிய பிறகு

பிப். 9, திங்கள்

பனி விட்டுவிட்டது. காலை எட்டுக்கே வெயில் சுள்ளென்று.

கட்டுரை பத்திரிகையில் வந்துவிட்டது. தலைப்பு அவர்களுடையது: 'விவசாய மோட்டாருக்கு மீட்டர்: எம்.எல்.ஏ. கோரிக்கை'. நான் எழுதியது, மின்சாரம் இலவசமாகவே இருக்கட்டும், எவ்வளவு ஓடுகிறது என்று அளந்தாவது பார்ப்போம் என்று. தண்ணீர் எங்கே போகிறது என்பதாவது தெரியும். முப்பது வருடம் பொருளாதார வகுப்பில் சொன்ன சங்கதிதான். அப்போது ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. தூங்கினார்கள்.

மதியத்துக்குள் நாற்பது போன். பாதி வசவு. மா.செ. கூப்பிட்டார். கட்சியின் மாவட்டச் செயலாளர், என்னிடம் படித்திருக்க வேண்டிய வயசு.

"ஏனுங்க புரொபசரம்மா, எலக்சன் வர்ற நேரத்துல இத எழுதலீனா என்னுங்க? இன்னைக்கு மீட்டரு, நாளைக்கு பில்லுன்னு தானுங்க சனம் நெனைக்கும்."

'அது தவறு, வாபஸ் வாங்குகிறேன்' என்று வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் தர வேண்டுமாம். தந்தால்தான் மறுபடி சீட்டு. யோசிக்கிறேன் என்றேன். பொய். யோசிக்க என்ன இருக்கிறது.

பிப். 10, செவ்வாய்

இன்றைய வேலை: பி.பி. மாத்திரை. நூலகக் கட்டடத்துச் சாவி யாரிடம் என்று விசாரிக்க. கோழிப்பண்ணைக்காரர்கள் மனு. ஒரு எழவு.

எழவு வீட்டில் மானம் போயிற்று. கும்பிட்டபடி எழுந்தேன். ஓட்டுக் கேட்கப் போய்ப் போய்ப் பழகிய வாய், "போயிட்டு வாரேனுங்க" என்று சொல்லிவிட்டது. துக்க வீட்டில் யாராவது சொல்வார்களா? பெண்கள் பக்கம் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். காரில் டிரைவர் முருகேசன்: "ஏனுங்கம்மா, மறுக்கா ஒரு எழவு உளுந்து நீங்க வரோணுமாக்கும்?"

அதே வீட்டு வாசலில் ஒரு பெரியவர். நிதானமாகத்தான் கேட்டார். "மொதல்ல உங்கண்ணன் தோட்டத்துல மீட்டர வெச்சுப்போட்டு அப்பறம் எங்களுக்குச் சொல்லுங்க."

நியாயமான கேள்வி.

பிப். 11, புதன்

அண்ணன் தோட்டம். மரவள்ளி நன்றாக இருக்கிறது, மஞ்சள் சுமார். ஐந்து போர்வெல்லில் இரண்டு காய்ந்துவிட்டது. ஆறாவதுக்கு ரிக் லாரி சொல்லி வைத்திருக்கிறாராம். ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருக்கிறார்: கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓடும், ஆள் வேண்டியதில்லை. வாய்க்கால் நிரம்பி ரோட்டில் வழிந்துகொண்டிருந்தது.

ஒரே ஒரு மோட்டாருக்கு மீட்டர் வைக்கச் சம்மதம் கேட்டேன். அண்ணன் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"இந்தக் கெணத்துல உனக்கென்ன பாத்தியம், அம்மிணி? எழுதிக் குடுத்துட்டுப் போனவதானே நீ."

உண்மை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் திருச்செங்கோட்டுப் பத்திர ஆபீசில் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். நகை போட்டாயிற்று, நிலத்தில் பங்கில்லை. எங்கள் பக்கம் எல்லாப் பெண்களும் போடுகிற கையெழுத்து, நானும் போட்டேன். அதற்கு ஆறு வருடம் கழித்துப் பெண்களின் நில உரிமை பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம். வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

நங்கையா (அண்ணன் மனைவி) மோர் கொண்டுவந்து வைத்தார். அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

பிப். 13, வெள்ளி

கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி: 'அக்கட்டுரையில் நான் கூறியவை'. அடுத்த வரி 'சரியானவை' என்றுதான் வருகிறது. அப்படியே கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். மா.செ. போன் எடுக்கவில்லை.

ராத்திரிக்கு ரவை உப்புமா. உப்பு அதிகம்.

மார்ச் 14, சனி

வேட்பாளர் பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. எதிர்பார்த்ததுதான்.

எதிர்பார்க்காதது: அந்த இடத்தில் அண்ணன் பெயர். அதே குடும்பம், அதே ஊர், தோட்டம் துரவு, மீட்டர் பேச்சு கிடையாது. மா.செ. கணக்கில் தப்பில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் ஆளைத் தேடியிருப்பேன்.

சாயங்காலம் அண்ணனே வந்தார், சால்வையோடு. "நாங் கேக்கல சாமி. அவியளாத்தான் கூப்புட்டாங்க. நீ ரெண்டு ஊருக்கு மட்டும் வந்து நின்னாப் போதும்."

மீட்டர் பற்றி என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "அதப் பேச மாட்டேன்" என்றார். நான் வரவில்லை என்றேன். காபியைக் குடிக்காமல் போனார். வலித்தது. அவர் கல்யாணத்தில் இணைச்சீர் என்கிற உடன்பிறப்புச் சடங்கைச் செய்த தங்கை நான்தான். கூறைப்புடவையின் ஒரு முனையை அவர் பிடித்திருந்தார், மறு முனையை நான்.

மார்ச் 17, செவ்வாய்

சுயேச்சையாக நிற்கிறேன். ஜெயிக்க மாட்டேன், அது தெரியாத அளவுக்கு முட்டாள் இல்லை. ஐந்து வாரம் ஊர் ஊராக நின்று இதைச் சொல்லலாம், அதற்கு மைக் கிடைக்கும்.

கட்சி வேட்பாளருக்கு முன்மொழிய ஒருவர் போதும். சுயேச்சைக்குத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் கையெழுத்து. பெயர் வெளியே தெரியும். அங்கேதான் சிக்கல். போன எலக்சனில் மாலை போட்டவர்கள் எல்லாம் இப்போது ஊரில் இல்லை.

முருகேசன் 1. அவர் மச்சான் 2. ஓய்வு பெற்ற நூலகர் 3. 'சம்சாரத்தக் கேட்டுச் சொல்றனுங்க': ஆறு பேர்.

மார்ச் 20, வெள்ளி

ஒன்பது. எழவு வீட்டில் கேள்வி கேட்ட பெரியவர் ஒன்பதாவது. "நீங்க சொல்றது எனக்குப் புடிக்கலீங்க. ஆனா நிக்கறதுக்கு உடோணுமல்லொ." பத்தாவது கிடைக்கவில்லை. திங்கள் மதியம் மூன்று மணிக்குள் மனு தர வேண்டும்.

மார்ச் 22, ஞாயிறு

காலையில் மூன்று வீடு. மூன்றிலும் காபி, கையெழுத்து இல்லை.

மதியம் நங்கையா டவுன் பஸ்ஸில் வந்தார், தனியாக. தண்ணீர் கேட்டு ஒரு சொம்பு முழுதும் குடித்தார்.

"போர்த் தண்ணி உப்பேறிப் போச்சு, எங்கூட்ல குடிக்கறதுக்கு மட்டும் லாரித் தண்ணி, அம்மிணி. உங்காத்தாளுக்கு ஒரு கொடம், எனக்கு ஒரு கொடம்னு ரோட்டுல நிக்கறேன். பொறகால மோட்டாரு ஓடிக்கிட்டே கெடக்குது. கேட்டா, கரண்டு சும்மாதானே வருதுங்கறாரு."

நீங்கள் வந்திருப்பது அண்ணனுக்குத் தெரியுமா என்றேன்.

"நாளைக்குத் தெரிஞ்சுக்குவாரு."

வேண்டாம், வீட்டில் சண்டை வரும் என்று சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன். மூன்றாம் தரம் சொல்ல மனசு வரவில்லை, பத்தாவது ஆள் எனக்கு வேண்டும்.

படிவத்தை எடுத்து வைத்தேன். வாக்காளர் பட்டியலில் பாகம் எண், வரிசை எண் வேண்டுமே, பார்த்துச் சொல்கிறேன் என்று கண்ணாடியைத் தேடினேன். அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். இரண்டு எண்ணும் பென்சிலில் எழுதியிருந்தது.

"எங்கீங்க போடோணும்?" என்றார்.