அவன் பெண்டாட்டியின் குரல்

மார்ச் 3, செவ்வாய்

காய்கறிக் கடையில் அரை கிலோ தக்காளி கேட்டேன். பக்கத்தில் நின்ற பெண் சட்டென்று திரும்பினாள். “அந்தத் தொடர்ல அவன் பொண்டாட்டிக்குக் குரல் கொடுக்கிறது நீங்கதானே? அவளைப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது. மனுஷனை நிம்மதியா இருக்க விடறாளா?”

அந்த மனுஷன் மரச்சாமான் கடைக்காரன். அலமாரிக்குள் வைத்துத் துப்பாக்கி கடத்துகிறான். இதுவரை நாலு கொலை. அவள் செய்த குற்றம், “எங்க போயிருந்தீங்க?” என்று கேட்டது.

மார்ச் 5, வியாழன்

டப்பிங் டைரக்டர் இன்றும், இன்னும் கொஞ்சம் நச்சரிக்கிற மாதிரி கேளுங்க என்றார். மூலத்தில் அந்த நடிகை பயந்துபோய் மெல்லத்தான் கேட்கிறாள். ஹெட்ஃபோனில் அது எனக்கு மட்டும் கேட்கிறது. நச்சரித்தேன். உதடு பொருந்தியது, ஓகே ஆயிற்று. ஊரே அவளை வெறுப்பதில் என் பங்கு எவ்வளவு?

மார்ச் 9, திங்கள்

என்னமோ சரியில்லை.

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனியில் வேலை. இரவு சாப்பிடும்போது, நான் கேட்காமலே, பகல் முழுக்க எங்கள் ஸ்டுடியோ கட்டடத்தில் இருந்ததாகவும் கயிறு, பிரேக் எல்லாம் பார்த்ததாகவும் சொன்னார். லிஃப்டை நிறுத்தாமல் கயிற்றைப் பார்க்க முடியாது. அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். இன்று அது நிற்கவே இல்லை. டீக்கும் சாப்பாட்டுக்கும் நானே அதில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான்.

எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பெண்டாட்டியின் குரலில்தான் வரும் என்று தோன்றியது, விழுங்கிவிட்டேன்.

யாராவது இருக்கிறாளோ? ச்சே.

ஏன் ச்சே?

மார்ச் 14, சனி

மூன்றாம் மாடி அக்கா வீட்டில் டிவி ரிப்பேர். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகைச்சுவைத் தொடர் பார்க்க இங்கே வந்துவிட்டார். அதில் ஒரு மேனேஜர். எல்லோருக்கும் தன்னைப் பிடிக்க வேண்டும் என்று தவிக்கிறவன். ஊழியர் ஒருத்தியின் பிறந்தநாளுக்குச் சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாடுகிறான். ஒருத்தரும் கை தட்டவில்லை, அவனும் நிறுத்தவில்லை. அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இவர் சிரிக்கவில்லை. “இந்த ஆளைப் பாத்தா உடம்பே கூசுது, மாத்து” என்று கடைக்காரனை வைக்கச் சொன்னார்.

நாலு கொலை கூசவில்லை, ஒரு பாட்டு கூசுகிறது. கடைக்காரனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, அதுதான் விஷயமோ? அயோக்கியனாக இருந்தால் பரவாயில்லை, அசடாகிவிடக் கூடாது. இப்போது மனிதர்களுக்கு மிச்சமிருக்கிற பயம் இது ஒன்றுதானோ என்னவோ. நான் டிவியைப் பார்க்கவில்லை, இவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பொய் சொல்லித் தப்பித்ததும் இவருக்குப் பெருமூச்சு வந்தது.

மார்ச் 17, செவ்வாய்

தொண்டை கட்டிக்கொண்டது, லீவு. சாயங்காலம் அவர் வந்து, நம்ம பில்டிங் லிஃப்டையும் இன்னைக்குப் பாத்து முடிச்சாச்சு என்றார். லிஃப்ட் எங்கள் வாசலுக்கு நேர் எதிரே. காலையிலிருந்து ஓடிக்கொண்டேதான் இருந்தது.

கேட்டுவிட்டேன். காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை.

பெண்ணும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. லிஃப்டைத் தொடாமலே பார்த்ததாக எழுதிவிட்டு, கம்பெனி வேனில் உட்கார்ந்து போனில் தொடர் பார்த்தாராம். மாசக்கணக்காக இப்படித்தானாம். “நாலு ஆள் வேலையை ஒருத்தன் தலையில கட்டுறாங்க. ஒழுங்கா பாத்தவனையெல்லாம் கோமாளின்னுதான் சொன்னாங்க. யாருக்காகப் பண்றேன்? குடும்பத்துக்காகத்தானே?”

கடைசி வரி கடைக்காரனுடையது. எங்கே மூச்சு விடுவான், எங்கே நிறுத்துவான், எல்லாம் எனக்கு அத்துப்படி. அவன் முடித்த பிறகுதான் நான் ஆரம்பிக்க வேண்டும், ஆயிரம் தடவை காத்திருந்திருக்கிறேன். பெண் விவகாரமாக இருந்திருந்தால்கூட என்னோடு போயிருக்கும். மூன்றாம் மாடிக் கைக்குழந்தை தினமும் இந்த லிஃப்டில்தானே போய் வருகிறது?

மார்ச் 18, புதன்

நாளைக்கே லிஃப்டை நிறுத்திப் பாருங்க என்றேன். பாக்கலாம் என்றார்.

மார்ச் 20, வெள்ளி

பார்க்கவில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். தப்புப் பண்ணினவர் நன்றாகத் தூங்குகிறார், நான்தான் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 27, வெள்ளி

வேறு கம்பெனி ஆட்கள் வந்து பார்த்தார்கள். இரும்புக் கயிற்றில் இழை இழையாக விட்டுப்போயிருந்ததாம். புதுக் கயிறு வர நாளாகும். அவருக்கு வேலை போயிற்று.

படியில் மூச்சு வாங்குகிறவர்கள் எல்லோரும் என்னைத்தான் முறைக்கிறார்கள். ஆயிரம் இருந்தாலும் கட்டின புருஷனைக் காட்டிக்கொடுக்கலாமா என்று செயலாளர் மனைவி என் காதில் விழும்படி கேட்டார். மூன்றாம் மாடி அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி வந்து, என் முன்னால் நின்றார். “அவர்கிட்டத் தனியா சொல்லியிருக்கலாமே? பாவம், நல்ல மனுஷன்.”

சொன்னேன் அக்கா, சொன்னேன். வாயைத் திறக்கவில்லை. குழந்தையின் காலைத் தொட்டேன். அவர் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

ஏப்ரல் 1, புதன்

தொடரில் அவள் போலீசுக்குப் போன் பண்ணுகிற காட்சி. டைரக்டர் குரலில் விஷம் வேண்டும் என்றார். மாட்டேன், மூலத்தில் எப்படியோ அப்படித்தான் என்றேன். பாக்கலாம் மேடம் என்றார். எதிர் அறையில் வேறொரு பெண்ணின் குரலைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்களோ என்று சந்தேகம்.

ஏப்ரல் 10, வெள்ளி

புதுக் கயிறு போட்டு இன்று லிஃப்ட் ஓட ஆரம்பித்தது. கீழே நானும் அவரும் கடையிலிருந்து வந்துகொண்டிருந்தோம். அவர் நாலடி முன்னால். உள்ளே மூன்றாம் மாடி அக்கா, தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்ததும் கதவு மூடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வாங்க தம்பி என்றார். அவர் ஏறினார். நான் லிஃப்ட் வாசலுக்கு வருவதற்குள் அக்கா கையை எடுத்துவிட்டார்.