காத்திருப்பு அறைக்கு ஒரு மணி நேரப் பாட்டு

ஜூன் 4

மதிப்புக்குரிய காத்தாடி அவர்களுக்கு,

இங்கு நலம். உங்கள் நலத்தை உங்கள் அக்கா வாராவாரம் போன் செய்து சொல்லிவிடுவதால் தனியாக விசாரிக்கவில்லை.

கிளினிக் திறந்துவிட்டேன். சுவருக்கு வெளிர்நீலம். காத்திருப்பு அறையில் ஆறு நாற்காலி, ஒரு மீன்தொட்டி. மீன் இன்னும் வாங்கவில்லை. உள்ளே நான் ட்ரில்லைப் போட்டால் வெளியே அத்தனையும் கேட்கிறது, அதுதான் குறை. நேற்று ஒரு பெரியவர் தன் முறை வந்ததும் எழுந்து நேரே தெருவுக்குப் போய்விட்டார். குடையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. வரவேற்பில் இருக்கும் பெண், "ஏதாவது பாட்டுப் போட்டு வைங்க டாக்டர், கொஞ்சம் அடங்கி உட்காருவாங்க" என்கிறாள்.

பாட்டைப் பற்றி நாலு விஷயம் தெரிந்த ஆள் எனக்கு நீங்கள் ஒருவர்தான் என்பது என் தலையெழுத்து. ஒரு மணி நேரத்துக்குச் சாந்தமான பாட்டுகளாகத் தொகுத்து, பென் டிரைவில் போட்டுக் கூரியரில் அனுப்ப முடியுமா? தயவுசெய்து போன் செய்யாதீர்கள். நான் ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் மூன்றுக்குத் தாவிவிடுவீர்கள். கடிதத்திலாவது நான் ஆரம்பித்ததை முடிக்கலாம்.

இன்னொன்று. கிளினிக்குக்கு மேலே இரண்டு போர்ஷன் காலி. முன்பக்கம் ஒற்றை அறை, பின்பக்கம் இரண்டு அறை. "ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா? மாசக் கடைசிக்குள்ள சொல்லிடுங்கம்மா" என்று வீட்டுக்காரர் கேட்கிறார். கிளினிக் திறக்கும் வரை பிரிந்திருந்து பார்ப்போம், பிறகு முடிவு செய்வோம் என்பதுதான் நம் பேச்சு. திறந்தாகிவிட்டது. யோசித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பல் மருத்துவர்

—

ஜூன் 9

என் பல்லிக்கு,

'நீங்கள்' போட்டு எழுதியிருக்கிறாய். நீ 'நீங்கள்' போட்டாலே கோபம் என்று அர்த்தம். உன் டூத் பிரஷ்ஷை எடுத்து நான் மைக்கைத் துடைத்த அன்று போட்டாய். பிறகு, காரிலிருந்து பாதி வழியில் இறங்கிப் போன அன்று போட்டாய்.

பென் டிரைவ் இத்துடன் இருக்கிறது. முதலில் வருவது ஒரு பெண் வெறுமனே முணுமுணுப்பது, வார்த்தையே கிடையாது. அடுத்தது கிடார். மூன்றாவது நீ துணி மடிக்கும்போது பாடுவாயே, அது. நான்காவதை நீ கேட்டிருக்க மாட்டாய், அசந்துபோவாய். இங்கே ஸ்டுடியோவில் சோப்பு, பெயின்ட், இன்சூரன்ஸ் என்று விளம்பரம் வந்துகொண்டே இருக்கிறது. எல்லாம் முப்பது நொடி. அதற்குள் ஆளைச் சிரிக்க வைத்து, அழ வைத்து, கடைக்கும் அனுப்பியாக வேண்டும். ஃபேன் வேறு கடகடவென்று ஆடுகிறது. டீயை இடது பக்கமாகவே குடிக்கப் பழகிவிட்டேன், வலது பக்கம் கொஞ்சம் தகராறு. மீன் வாங்கினால் கறுப்பு மீன் வாங்கு.

மேல் போர்ஷனைப் பற்றி யோசித்தேன். என் மனசில் இருப்பது என்னவென்றால், இரு, பெயின்ட் விளம்பரக்காரர் வந்துவிட்டார். மீதி அப்புறம்

—

ஜூன் 13

காத்தாடி அவர்களுக்கு,

உங்கள் நான்காவது பாட்டுக்கு உண்மையிலேயே அசந்துபோனோம். நானும், என் ட்ரில்லும், அதன் கீழே வாயைத் திறந்து படுத்திருந்த வங்கி ஊழியரும். முதல் மூன்றும் அருமை. வெளியே ஒரு குழந்தை தூங்கியே விட்டது. அப்புறம் திடீரென்று பத்து டிரம் ஒன்றாக இறங்கியது பாருங்கள், மனிதர் நாற்காலியை விட்டு எழும்பிவிட்டார். நல்ல வேளை, நாக்கு தப்பியது. குழந்தை அழுத அழுகையில் அடுத்து இருந்த இருவர் நாளைக்கு வருகிறோம் என்று நழுவிவிட்டார்கள்.

சாந்தமான பாட்டு என்றால் ஒரு மணி நேரமும் சாந்தமாக இருக்க வேண்டும். மூன்று பாட்டுக்கு மேல் உங்களுக்குப் பொறுக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் பல்வலிக்காரர்கள் பாவம், அவர்கள் உங்களைக் கட்டிக்கொள்ளவில்லை.

வலது பக்கத் தகராறு எனக்குப் புதிதல்ல. 'வாயைத் திற, பார்க்கிறேன்' என்று நான் சொல்லும்போதெல்லாம் அவசர வேலை என்று ஓடியவர் நீங்கள். பல் டாக்டர் புருஷனுக்குச் சொத்தைப் பல் என்று என் கூடப் படித்தவர்கள் இன்னும் சிரிக்கிறார்கள். மேல் போர்ஷன் வாக்கியம் பாதியில் தொங்குகிறது. கையெழுத்தும் இல்லை.

பல் மருத்துவர்

—

ஜூன் 17

பல்லி,

டிரம்மைத் தூக்கிவிட்டேன். வங்கி ஊழியரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள். இந்த முறை அப்பழுக்கில்லாத பிளேலிஸ்ட். ஒரு மணி நேரமும் மெத்தென்று போகும், எங்கேயும் தொய்வு இருக்காது. நம் புல்லாங்குழல் பாட்டையும் சேர்த்திருக்கிறேன். பேருந்து பழுதாகி நடுவழியில் நின்றபோது டிரைவர் போட்டாரே, நீ முதன்முதலாக என் தோளில் சாய்ந்தாயே, அந்தப் பாட்டு. உனக்குப் பிடிக்கும்.

வேறொரு ஸ்டுடியோவில் கூப்பிடுகிறார்கள். போகலாமா என்று பார்க்கிறேன். இந்த அறையும் அலுத்துவிட்டது, ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான். நீ சொன்ன பின்பக்கப் போர்ஷனில் ஜன்னல் எந்தப் பக்கம்? நான் ஏன் கேட்கிறேன் என்றால், அடடா, ரெக்கார்டிங்குக்கு ஆள் வந்தாயிற்று, இதோ

—

ஜூன் 21

காத்தாடிக்கு,

உன் மெத்தென்ற பிளேலிஸ்ட்டை மூன்று நாள் ஓட்டினேன். வரவேற்புப் பெண் சொல்கிறாள், "என்னன்னே தெரியல டாக்டர், பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லாரும் காலை ஆட்டிக்கிட்டே இருக்காங்க." எனக்கும் நெஞ்சு படபடவென்றே இருந்தது. ஏன் என்று புரியவில்லை.

நேற்று மதியம் யாரும் இல்லாதபோது அந்த ஆறு நாற்காலியில் ஒன்றில் உட்கார்ந்து கேட்டேன். அப்போதுதான் பிடிபட்டது. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் மூச்சு விட இடமே இல்லை. ஆரம்பத்தை வெட்டியிருக்கிறாய், முடிவை வெட்டியிருக்கிறாய், மிச்சத்தை ஒட்டியிருக்கிறாய். நம் பாட்டில் பாடகர் பாட ஆரம்பிக்கும் முன்னால் அவ்வளவு நேரம் வருமே புல்லாங்குழல், அது எங்கே? நான் உன் தோளில் சாய்ந்தது அந்தப் புல்லாங்குழலுக்குத்தான். பாடகர் வாயைத் திறந்தபோது நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன்.

காரில் நடந்ததும் இதேதான். வேலையை விட்டுவிட்டேன், கிளினிக்குக்கு இடம் பார்த்துவிட்டேன் என்று எவ்வளவு ஆசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். நீ ஒவ்வொரு பாட்டாக மாற்றிக்கொண்டே வந்தாய். கடைசியில் "ம்? என்ன சொன்னே?" என்றாய். எனக்கு அன்று வந்தது கோபம்கூட இல்லை. வெட்டி எறிந்த புல்லாங்குழல் மாதிரி இருந்தது.

இனிமேல் பாட்டு வேண்டாம். வானொலி வைத்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்காரரிடம் ஒற்றை அறை போதும் என்று சொல்லப் போகிறேன். 'நீங்கள்' போட மறந்துவிட்டேன். அடித்துத் திருத்தத் தெம்பில்லை.

பல் மருத்துவர்

—

ஜூன் 24

பல்லி,

வெள்ளிக்கிழமை சொல்லாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

நேற்று ஸ்டுடியோவைச் சாத்திக்கொண்டு முழுப் பாட்டுகளையும் வரிசையாகப் போட்டேன். போனை டிரம் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். முதல் பாட்டிலேயே எழுந்து ஃபேனை நிறுத்தினேன், பிறகு போட்டேன். இரண்டாவதில் மேஜையைத் துடைத்தேன். மூன்றாவதில் கை தானாகப் பாட்டை மாற்றும் பட்டனுக்குப் போனது, அதைத் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டேன். இது எனக்கு எவ்வளவு பெரிய வேதனை என்று உனக்குத் தெரியாது. தெரியும், உனக்குத்தான் தெரியும்.

புல்லாங்குழலை முழுசாகக் கேட்டேன். பாட்டு முடிந்த பிறகு ஒரு நாற்காலி கிறீச்சிடுகிறது. வாசித்தவர் எழுந்திருக்கிறார் போல. அப்புறம் யாரோ மெதுவாக, "நல்லா வந்துச்சு" என்கிறார்கள். இத்தனை வருஷமாக எனக்குத் தெரிந்த பாட்டு, இது இருப்பது எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் அதற்கு முன்னாலேயே மாற்றியிருக்கிறேன். காரில் நீ சொன்னதன் கடைசியிலும் இப்படி ஏதாவது இருந்திருக்கும். அதை நினைத்து அழுதேன், வேறென்ன சொல்ல.

முழுப் பாட்டுகளும் இத்துடன் இருக்கின்றன. நடுவில் இடைவெளியும் இருக்கிறது. வலது பல் உயிரை எடுக்கிறது. சனிக்கிழமை வரட்டுமா? மற்றவர்களைப் போல வரிசையில் உட்காருகிறேன்.

காத்தாடி

—

ஜூன் 28

காத்தாடிக்கு,

வீக்கம் வடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு நாளைக்கு வலது பக்கம் மெல்லாதே. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி.

நீ வந்ததை நான் பார்க்கவே இல்லை. வரவேற்புப் பெண்தான் உள்ளே வந்து, "டாக்டர், வெளியில ஒருத்தர் ஒரு மணி நேரமா ஆடாம அசையாம உட்கார்ந்திருக்காரு. மயக்கம் கியக்கமான்னு பயமா இருக்கு" என்றாள். எட்டிப் பார்த்தால் நீ. இரண்டு கையும் தொடைக்கு அடியில்.

என் நாற்காலியில் நீ படுத்து, ஊசி போட்டு, தாடை மரத்து, வாயில் கண்ணாடியும் பஞ்சும் வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து நீ குறுக்கே பேச முடியாமல் என் எதிரில் இருப்பது இதுதான் முதல் தடவை. விடுவேனா? காரில் சொன்ன அத்தனையையும் முதலிலிருந்து சொன்னேன். கடைசியில் அன்று சொல்ல வந்து சொல்லாமல் போனதையும் சொன்னேன். நான் இனிமேல் இந்த இடத்தை விட்டு நகரப் போவதில்லை. வீடு மாற்றி வீடு மாற்றி எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் தனியாக இருக்கவும் பிடிக்கவில்லை. மேலே என்னோடு வந்து இருக்கிறாயா என்று கேட்டேன். அப்போது வெளியே புல்லாங்குழல் முடிந்து நாற்காலி கிறீச்சிட்டது.

நீ தலையாட்டினாய். கண்ணில் தண்ணீர் வேறு. அது வலியாலா, சம்மதத்தாலா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்பதற்குள் அடுத்தவர் வந்துவிட்டார், நீயும் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாய்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். இப்போது வைத்திருப்பது தற்காலிக அடைப்புதான். திரும்ப வந்து வேரைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். எனக்கு வாய்த்த நோயாளிகளில் பாதிப் பேர் வலி நின்றதும் திரும்பி வருவதில்லை. மறந்துவிடுகிறார்கள். நீயும் அப்படித்தான் என்றால் இப்போதே சொல்லிவிடு, நான் தாங்கிக்கொள்வேன். வீட்டுக்காரரிடம் இன்னும் நாலு நாள் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

உன்
பல்லி

—

ஜூலை 1

அன்புள்ள பல்லிக்கு,

தலையாட்டியது வலியால் இல்லை. நீ போட்ட ஊசியில் எனக்கு எதுவுமே வலிக்கவில்லை, நீ பேசியதைத் தவிர.

புது ஸ்டுடியோவுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரரிடம் ரெண்டு பேர் என்று சொல். ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி.

பல்வலி நேற்றே நின்றுவிட்டது. சனிக்கிழமை பெட்டியோடு வருகிறேன்.

உன்
காத்தாடி