ஐஸ் பேக்டரி வாசலில் மூன்று பேர்

மார்ச் 4, திங்கள்

ஏழு பத்து ட்ரிப்பில் முன் இருக்கை காலி. அக்கா வரவில்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்று வழியெல்லாம் கவலைப்பட்டுக்கொண்டே ஓட்டினேன். மருத்துவமனை நிறுத்தத்தில் பார்த்தால், அந்தப் புது வெள்ளைச் சின்ன பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள்! என்னைப் பார்த்துக் கையாட்டினாள். சிரிப்பு வேறு.

பதினொரு வருடம். மருத்துவமனைச் சலவைப் பிரிவு வேலைக்கு என் ஒன்பதாம் நம்பர் பஸ்ஸில்தான் போவாள். 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து இருபத்தைந்து நிமிஷமும் வாய் ஓயாமல் பேசுவாள். அவள் வீட்டில் மகன், மருமகள், பேரன். என் வீட்டில் இவர், பிள்ளைகள். எங்களுக்கென்று இருந்தது அந்த இருபத்தைந்து நிமிஷம்தான்.

மார்ச் 5, செவ்வாய்

போன் செய்து கேட்டேன். "முட்டி வலிடீ. உன் ஸ்டாப்புக்கு வர பத்து நிமிஷம் நடக்கணும். இதுன்னா போன்ல தட்டுனா வீட்டு வாசலுக்கே வந்து நிக்குது."

நியாயமான பேச்சு. நியாயமாக இருப்பதால்தான் இன்னும் எரிகிறது.

அந்த வண்டிக்கு நிரந்தர வழி கிடையாது. யார் யார் எங்கிருந்து கூப்பிடுகிறார்களோ, அதையெல்லாம் சேர்த்து கம்ப்யூட்டர் வழி போட்டுக் கொடுக்கும். ஓட்டுவது எங்கள் டிப்போ சுருட்டை. மூன்று வருடம் முன்னால் சேர்ந்தவள். தலைமுடியால் வந்த பெயர். எந்நேரமும் ஈ என்று இளித்துக்கொண்டிருப்பாள்.

மார்ச் 8, வெள்ளி

கேண்டீனில் சுருட்டை என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "அக்கா, உங்க அக்கா செம ஆளு! நீங்க சின்ன வயசுல சைக்கிளோட கோழிக்கூண்டுக்குள்ள போன கதையைச் சொன்னாங்க. சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிச்சிடுச்சு."

என் கோழிக்கூண்டு. என் கதை. அதை எதற்கு இவளிடம் சொல்ல வேண்டும்?

"எங்க அக்கா அப்படித்தான்" என்றேன், 'எங்க'வை அழுத்தி.

"எனக்கும் அக்காதானே!" என்கிறாள். எந்த வழியில் அக்கா? நானும் பல்லைக் காட்டி வைத்தேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 12, செவ்வாய்

அக்காவுக்கு ஜூன் மாதம் முட்டியில் ஆபரேஷனாம். சுருட்டை சொல்லித்தான் தெரியும். "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்" என்று சொன்னவள் முகம் சுருங்கிவிட்டது. என்மேல் பரிதாபம் வேறு!

கூடப் பிறந்தவள் நான். எனக்குத் தெரியவில்லை. இவளுக்குத் தெரிகிறது.

மார்ச் 13, புதன்

ஒரு காரியம் செய்தேன். எழுதமாட்டேன்.

மார்ச் 15, வெள்ளி

எழுதித் தொலைக்கிறேன். பெரியவனின் பழைய போனில் அந்தச் சின்ன பஸ்ஸைக் கூப்பிட்டேன். வாயில் வந்த ஒரு பெயர், மூன்று பேர், காலை ஏழு மணி, பழைய ஐஸ் பேக்டரி வாசல். அது மூடி எத்தனையோ வருடமாகிறது. நாய்கூட அங்கே படுக்காது. அக்காவை ஏற்றிக்கொண்டு சுருட்டை அவ்வளவு தூரம் சுற்றிப் போய், விதிப்படி இரண்டு நிமிஷம் காத்திருந்து, மறுபடி திரும்பி வர வேண்டும். மொத்தம் பன்னிரண்டு நிமிஷம் லேட்.

தினம் லேட்டானால் அக்கா சலித்துப்போய் என் பஸ்ஸுக்கே வந்துவிடுவாள். அவ்வளவுதான் என் எண்ணம். யாருக்கு என்ன நஷ்டம்?

இன்றும் கூப்பிட்டேன். வேறு பெயர். அதே மூன்று பேர்.

மார்ச் 20, புதன்

"ஐஸ் பேக்டரிகிட்ட தினம் மூணு பேர் கூப்பிடுறாங்கக்கா. போய்ப் பார்த்தா ஒரு ஈ காக்கா இல்ல. பாவம், நான் வர்றதுக்குள்ள நடந்தே போயிடுறாங்க போல" என்கிறாள் சுருட்டை. நாளையிலிருந்து கொஞ்சம் முன்னாலேயே போய் நிற்கப் போகிறாளாம்.

இவள் கெட்டவளாக இருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

மார்ச் 25, திங்கள்

அக்கா போன் செய்தாள். குரலே சரியில்லை. தினமும் லேட்டாக வருகிறாள் என்று சூப்பர்வைசர் எழுதி வைத்துவிட்டாராம். இப்படியே போனால் ஷிப்ட்டை மாற்றிவிடுவாராம்.

இதற்குத்தானே காத்திருந்தேன்? உடனே, "அப்ப என் பஸ்லயே வந்துடேன்" என்றேன்.

"எப்படிடீ நடப்பேன்?" என்றாள்.

வழி, நேரம், பெயர், எல்லாம் யோசித்தேன். முட்டியை யோசிக்கவில்லை. என்ன ஜென்மம் நான்? போனிலிருந்து அந்தச் செயலியை அழித்துவிட்டேன். இதோடு சரி.

ஏப்ரல் 2, செவ்வாய்

சரியாகவில்லை.

டிப்போவில் கூட்டம். மேனேஜர் சுவரில் ஒரு படம் போட்டு, சின்ன பஸ்ஸைக் கூப்பிட்ட இடங்களைக் காட்டினார். ஊர் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளி. ஐஸ் பேக்டரியில் மட்டும் கொழுத்த சிவப்புப் புள்ளி. "பாருங்க, இங்கே எவ்வளவு தேவை இருக்குன்னு! கூப்பிட்டவங்க ஏறலேன்னா வண்டி சரியான நேரத்துக்குப் போகலேன்னு அர்த்தம். நம்பிக்கை போய் இப்ப கூப்பிடறதையே விட்டுட்டாங்க. அதனால இனிமே யாரும் கூப்பிடலேன்னாலும் காலையில வண்டி அங்கே போய் அஞ்சு நிமிஷம் நிக்கணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எழுந்து சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விட்டால்?

ஏப்ரல் 8, திங்கள்

ஐஸ் பேக்டரியில் நின்று நின்று லேட் தொடர்ந்ததால், அக்காவை மதிய ஷிப்ட்டுக்குப் போட்டுவிட்டார்கள். "இனிமே பேரன் தூங்குனப்புறம்தான் வீட்டுக்கு வருவேன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தாலாவது தேவலை.

ஏப்ரல் 9, செவ்வாய்

மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "ஏம்மா, வயித்தெரிச்சலுக்கு இவ்வளவு பெரிய வேலையா?" என்றார். பிறகுதான் கோபம் வந்தது அவருக்கு. அந்தப் படத்தை மேலிடத்துக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்.

எழுத்தில் எச்சரிக்கை. ஐஸ் பேக்டரி நிறுத்தம் ரத்து. டிப்போ முழுக்கத் தெரிந்துவிட்டது. கேண்டீனில் சுருட்டை என்னைப் பார்க்காமல் எழுந்து போனாள். சலவைப் பிரிவிலோ அக்காவின் காலை இடத்தில் ஏற்கெனவே வேறொருத்தியைப் போட்டாயிற்று. சொல்லியும் அது திரும்பவில்லை.

ஏப்ரல் 11, வியாழன்

என் டியூட்டி ஒரு மணிக்கு முடிகிறது. சுருட்டைக்கு இந்த வாரம் மதிய வண்டி. அழித்த செயலியை மறுபடி போட்டு, ஒன்று இருபதுக்கு டிப்போ வாசலிலிருந்து, இதுவரை செய்யாததைச் செய்தேன்: நிஜமாகவே கூப்பிட்டு நிஜமாகவே ஏறினேன்.

கதவைத் திறந்த சுருட்டை, "ஒரு ஆள்தானா? மீதி ரெண்டு பேர் எங்கே?" என்றாள். சிரிக்கவில்லை.

"என்ன ரெண்டு பேர்?" என்றது உள்ளேயிருந்து அக்கா குரல். இந்த இரண்டு நாளில் சுருட்டை அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. நானாக இருந்தால் முதல் நாளே போட்டு உடைத்திருப்பேன்.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். பதினொரு வருடமாகக் கண்ணாடியில் அவள் நெற்றியும் கண்ணும்தான் எனக்குத் தெரியும். பேசும்போது கை இரண்டும் இப்படி ஆடும் என்பதே மறந்துபோயிருந்தது. கன்னம் எவ்வளவு ஒட்டிப்போயிருக்கிறது.

சொன்னேன். கோழிக்கூண்டு, ஆபரேஷன், மூன்று பேர், எல்லாம். அவள் கைகள் மடியில் அடங்கிவிட்டன. "பேரனுக்கு நான் கதை சொல்லித் தூங்க வைக்கிற நேரம்டீ அது" என்றாள். அப்புறம் மருத்துவமனை வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இறங்கும்போது படியில் முட்டி மடங்கவில்லை. என் தோளைத்தான் பிடித்தாள், நன்றாக அழுத்தி, வலிக்கிற மாதிரி. தரையில் கால் ஊன்றியதும் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "நாளைக்கு வர்றதா இருந்தா உன் சொந்தப் பேர்ல கூப்பிடு."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தட்டினேன். நாளை, ஒன்று இருபது, டிப்போ வாசல், ஒரு ஆள். பெயர் கேட்டது. என் பெயரைப் போட்டேன்.