சத்தம் நின்ற ஓடை

வட்டகொடை,
மேல் டிவிசன்.

அன்பு மகள் சுதர்ஷினிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலமாக, உயிரோடு இருக்கிறோம், அதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படி. குவைத் வெயிலில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க முருகனைக் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறோம். போனில் சொல்லத் தொடங்கினால் அம்மா பக்கத்தில் நின்று அழுகிறாள், அதனால் லீவு முடிந்து அங்கே திரும்பும் கௌசியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

கால் கட்டோடு நான் வீட்டில் கிடந்தது உனக்குத் தெரியும். பொழுது போகாமல் நீ விட்டுப்போன கம்ப்யூட்டரில் அந்த ஊர் கட்டும் கேமைத் திறந்தேன். இந்தப் பக்கம் குடிசைகள், அந்தப் பக்கம் மரமும் விளைநிலமும், நடுவில் ஆறு, நீ முடியாது என்று விட்ட இடத்திலேயே ஊர் நின்றது. பாலம் போட்டால் ஆழத்தில் தூண் நிற்கவில்லை. நான் மேலே கல்லை அடுக்கி ஆற்றை அடைத்தேன். கீழே தண்ணீர் வற்றியது, சனங்கள் ஆற்றுக்குள் இறங்கித் தூணுக்குக் கல் சுமந்தார்கள், நானும் அதையே ரசித்துக்கொண்டிருந்ததில் மேலே தண்ணீர் ஏறுவதைக் கவனிக்கவில்லை. அணை உடைந்து ஒரே அடியில் எல்லாரையும் கொண்டுபோய்விட்டது. ஸ்பீக்கர் பழுது, அதனால் ஒரு கூச்சல்கூட இல்லாமல் அந்த ஊர் போனது. "வெளையாட்டுக்குப் போயி மூஞ்ச இப்படி வச்சிருக்கீங்களே" என்று அம்மா சிரித்தாள். மறுபடி தொடங்கி, அடைப்பதற்கு முன்பே பக்கத்தில் வாய்க்கால் மாதிரி கான் வெட்டித் தண்ணீருக்கு வேறு வழி விட்டேன். அதற்குப் பிறகுதான் அடைத்தேன். தண்ணீர் சுற்றிக்கொண்டு போனது, பாலமும் நின்றது.

அதற்கு அப்புறம் விடாத மழை. மழை ஓய்ந்த அன்று மத்தியானம் பனி மூடியிருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து, "என்னங்க, ஓடைச் சத்தம் கேக்கலையே" என்று மெதுவாகக் கேட்டாள். நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் நீ பிறந்த நாள் முதல் ஓயாமல் கேட்ட சத்தம், அத்தனை மழைக்குப் பிறகு இல்லை. கோழிகள்கூட வாய் திறக்கவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஓடை வற்றிப் பாறைகள் மட்டும் ஈரமாக மின்னின. பக்கத்து வீட்டு யோகேஸ்வரனும் இன்னும் சிலரும் உள்ளே இறங்கி வீட்டு அத்திவாரத்துக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பனிக்குள் யாருக்கும் முகம் இல்லை, சின்ன உருவங்கள் குனிவதும் நிமிர்வதுமாக இருந்தன. அதே உருவங்களை நான் ஏற்கனவே பார்த்திருந்தேன் மகளே. மேலே எங்கோ மண் சரிந்து ஓடையை அடைத்திருக்கிறது என்று புரிந்தது.

"வெளிய வாங்கடா, மேல தண்ணி ஏறுது" என்று கத்தினேன். "இங்க தண்ணியே இல்லியேண்ணே" என்றான் யோகேஸ்வரன். "அதுதான்டா பயமா இருக்கு" என்றேன். என் குரலில் என்ன கேட்டதோ, கல்லைப் போட்டுவிட்டு எல்லாரும் ஏறிவிட்டார்கள். அம்மா லயம் முழுக்கக் கதவு கதவாகத் தட்டினாள், யோகேஸ்வரன் என்னை முதுகில் தூக்கிக்கொண்டான். மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்த பிறகு முதலில் பச்சை மண் வாசம்தான் வந்தது. சத்தம் அதற்குப் பின்னால் வந்தது. பனி விலகியபோது கீழே நம் லயம் இருந்த இடத்தில் சேறு மட்டும் இருந்தது. மனுசருக்கு ஒன்றும் இல்லை, யோகேஸ்வரனின் மாடுகள் போய்விட்டன. எப்படித் தெரிந்தது என்று கேட்டார்கள், கேமைப் பற்றிச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

இப்போது பள்ளிக்கூடத்தில்தான் தங்கியிருக்கிறோம், வேறு இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நீ பதறிக்கொண்டு வேலையை விட்டு வந்துவிடாதே, நேரத்துக்குச் சாப்பிடு. எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு இருக்கும். ஒன்றை மட்டும் ஞாபகம் வை. நீ போன் எடுக்கும்போது அம்மா பாதிப் பேச்சில் நிறுத்தி, உன்னையும் பேசாதே என்பாள். கோபிக்காதே, லைனை வெட்டாமல் காத்திரு. ஓடை ஓடுகிறதா என்று அவள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கணேசமூர்த்தி