சிவப்புத் துணி கட்டிய சுரைக்காய்

பிப். 3, செவ்வாய்

காலையில் பனி. மலை தெரியவில்லை. சுரைக்கொடி இலையெல்லாம் மஞ்சள், இனி காய்க்காது. மிச்சம் ஒரே காய், விதைக்கு விட்டது. இன்னும் இளசு, நகம் இறங்குகிறது. முற்றிக் காய்ந்து, ஆட்டினால் உள்ளே சத்தம் வர வேண்டும். யாரும் கை வைக்காமலிருக்கச் சிவப்புத் துணி கட்டினேன். அம்மா வீட்டு வழக்கம்.

வாங்க: சோப்பு, இவருக்கு பி.பி. மாத்திரை.

சோழபுரத்திலிருந்து கிரேஸ் அக்கா போன். மழையில் அவள் கொடி அத்தனையும் அழுகல். கையில் ஒரு விதை இல்லை. "ஏட்டி, போன வருசம் ஒனக்கு வெதை குடுத்தது நல்லதாப் போச்சு. ஒன்னைய நம்பித்தான் இருக்கேன்." பயமாக இருக்கிறது.

பிப். 5, வியாழன்

குழாயில் தண்ணீர் இல்லை. குடிக்க வைத்திருந்ததில் ஒரு குடம் கொடிக்கு. இவர் முறைத்தார். முறைக்கட்டும்.

பிப். 7, சனி

ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டு வந்தால் பந்தலில் காய் இல்லை. வெட்டிய காம்பு மட்டும்.

நாளை சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. இவர் காணிக்கையாகக் கொடுத்துவிட்டார். முகமெல்லாம் பெருமை.

"நீதான துணி கட்டியிருந்த? ஆண்டவருக்கு நேர்ந்ததுன்னுல்லா நெனச்சேன்."

இவர் வீட்டில் காணிக்கைக் காய்க்குத்தான் சிவப்புத் துணியாம். இத்தனை வருடக் குடித்தனத்தில் யாரும் சொன்னதில்லை. கத்தினேன். சர்ச்சுக்கு ஓடினேன். நாளைய அசன விருந்துக்கு எல்லாம் நறுக்கியாகிவிட்டது. குப்பைக் கூடையில் கையை விட்டுத் துழாவினேன். விதையெல்லாம் வெள்ளை, விரலில் நசுங்கியது. முளைக்காது.

"என்னக்கா தேடுதிய?" காய் நறுக்கிய பெண் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

பிப். 8, ஞாயிறு

வெயில். அக்கா வந்துவிட்டாள். விதையைப் புரட்டி வைக்கத் தூக்குச்சட்டியில் சலித்த சாம்பல் கொண்டுவந்திருக்கிறாள். ஆராதனை முடியட்டும், சொல்லிவிடலாம். முடிந்தது. சொல்லவில்லை.

அசனத்தில் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாம்பாரில் ஒரு துண்டைக் கடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, நம்ம காய் ருசில்லா இது! இங்க வேற யாரும் இந்த விதை வச்சிருக்காவளா? அப்போ நம்ம காய் எங்கயும் போயிராது."

இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினாள். என் இலையில் விழுந்த துண்டுகளை ஓரமாக ஒதுக்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் சேலைகூட மாற்றாமல் தோட்டத்துக்குப் போய்விட்டாள். நான் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன், கோழை. சன்னலில் தெரிகிறாள். சாம்பல் சட்டியோடு பந்தலைச் சுற்றி வருகிறாள். இலைகளை விலக்கிப் பார்க்கிறாள்.

வெட்டிய காம்புக்குக் கீழே நின்றுவிட்டாள். கூப்பிடுகிறாள்.