கோவில்பாளையம் வீட்டுக்குப் போன கேஸ் கீசர்

அனுப்புநர்
ரா. மாசாணம் (வயது 43),
பள்ளிப் பேருந்து ஓட்டுநர் (தற்போது அதே பள்ளியில் வாயிற்காவல் பணி),
கீழ்த்தளம், திரு. கோவிந்தராஜுலு அவர்களின் வீடு,
விளாங்குறிச்சி, கோயம்புத்தூர்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கோயம்புத்தூர்.

பொருள்: வாடகை வீட்டில் உரிமையாளர் பொருத்திய பழுதான கேஸ் கீசரால் நான் இருமுறை மயங்கி விழுந்தது – அதை உரிமையாளர் கழற்றிச் சென்று கோவில்பாளையத்தில் உள்ள தமது வேறொரு வாடகை வீட்டில் மாட்டியிருப்பது – அங்கு ஒரு கர்ப்பிணி குடியிருப்பது – இன்றே ஆய்வு செய்ய வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பத்தொன்பது ஆண்டுகளாகப் பேருந்து ஓட்டுகிறேன். அதில் கடைசி ஏழு ஆண்டுகள் தனியார் பள்ளி ஒன்றின் பேருந்து. இதுவரை ஒரு விபத்தும் இல்லை. என் மனைவி கீதா பம்ப் தயாரிக்கும் நிறுவனத்தில் வேலை செய்கிறார். மகள் இனியா நான்காம் வகுப்பு படிக்கிறாள். 2024 ஜூன் மாதம் மேற்படி வீட்டின் கீழ்த்தளத்தில் குடியேறினோம். உரிமையாளர் மேல்தளத்தில் குடும்பத்துடன் வசிக்கிறார். வீட்டோடு வரும் மின்விசிறி, தண்ணீர் மோட்டார், கேஸ் கீசர் ஆகியவற்றைப் பராமரிப்பது உரிமையாளர் பொறுப்பு என்று எங்கள் வாடகை ஒப்பந்தத்தில் உள்ளது. நகல் இணைத்துள்ளேன்.

2. இந்த மனுவில் நான் கண்ணால் கண்டதை ஒரு விதமாகவும், சந்தேகிப்பதை வேறு விதமாகவும் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் குழப்பிச் சொல்கிறவன் என்று என்னைப் பற்றி ஏற்கெனவே பேசப்படுவதால் இந்தக் கவனம்.

3. நாங்கள் குடிவந்தபோது குளியலறை வென்டிலேட்டர் திறந்திருந்தது. செப்டம்பர் மாதம் உரிமையாளர் ஓர் ஆளை அழைத்து வந்து, அதைப் பிளைவுட் பலகையால் அடைத்துவிட்டார். பக்கத்துத் தெருவில் இப்படிப்பட்ட வென்டிலேட்டர் வழியாகத் திருடன் நுழைந்துவிட்டான் என்று காரணம் சொன்னார். பெண்பிள்ளை இருக்கிற வீட்டின் மேல் அக்கறை வைத்திருக்கிறாரே என்று அன்று நான் அவருக்கு நன்றி சொன்னேன். அதையும் இங்கே மறைக்க விரும்பவில்லை.

4. 17.10.2024 வியாழக்கிழமை காலை ஐந்தேகால் மணிக்கு, பேருந்து எடுக்கப் போகுமுன் குளித்துக்கொண்டிருந்தபோது நினைவிழந்து விழுந்தேன். சத்தம் கேட்டு கீதா தாழ்ப்பாளை உடைத்துத் திறந்தார். என்னைக் கூடத்துக்கு இழுத்துப்போட்ட சில நிமிடங்களில் கண் விழித்தேன். தலை வெடிப்பதுபோல் வலித்தது. விழுந்தபோது என் கால்கள் உதறிக்கொண்டிருந்ததாக கீதா மருத்துவரிடம் சொன்னார். தலை ஸ்கேனிலும் மற்றப் பரிசோதனைகளிலும் ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் வலிப்பாக இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்தார்கள். 11.11.2024 திங்கட்கிழமை அதே நேரத்தில், அதே இடத்தில் மறுபடி விழுந்தேன். ஓராண்டுக்கு வாகனம் ஓட்டக்கூடாது என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தார்.

5. பள்ளி நிர்வாகம் என்னை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி வாயிற்காவலில் நிறுத்தியது. அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. நாற்பத்திரண்டு குழந்தைகள் ஏறும் வண்டி அது. அவர்கள் இடத்தில் நானிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால், என் வண்டியை வேறொருவர் எடுத்துப் போகும்போது கேட்டைத் திறந்துவிடுவது தினமும் இருமுறை நடக்கிறது.

6. அந்த நாட்களில் நான் முதலில் சந்தேகப்பட்டது என் தலையைத்தான். பிறகு சாப்பாட்டைச் சந்தேகித்தேன், தண்ணீரைச் சந்தேகித்தேன். என் இடத்துக்கு வர நினைத்த சக ஓட்டுநர் ஒருவரைக்கூடச் சந்தேகித்தேன். அவரிடம் பின்னர் மன்னிப்புக் கேட்டேன். இருசக்கர வண்டியில் இனியாவை ஏற்றுவதை நிறுத்தினேன். அவள் காரணம் கேட்டபோது பிரேக் சரியில்லை என்று சொன்னேன். கீதாவுக்குக் காலையில் அடிக்கடி தலைவலி வந்தது; பனி என்று நினைத்தோம். இனியா பள்ளியில் ஒருநாள் வாந்தி எடுத்தாள். அஜீரணம் என்று நினைத்தோம். அவர்கள் இருவரும் ஒரு வாளி சுடுதண்ணீர் பிடித்துக்கொண்டு கீசரை நிறுத்திவிடுவார்கள். நான் மட்டும் முதுகுவலிக்காகக் கீசரை ஓடவிட்டு, பதினைந்து இருபது நிமிடம் ஷவரில் நிற்பேன். இந்த வித்தியாசம் அப்போது எனக்குப் புலப்படவில்லை.

7. டிசம்பர் 22ஆம் தேதி நடந்ததை விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். எங்களுக்கு முன்பு இதே வீட்டில் குடியிருந்த திருமதி சாஜிதா பேகம் அவர்களின் மகள் ரம்ஷாவின் ஆதார் அட்டை, பழைய முகவரியான எங்கள் வீட்டுக்குத் தபாலில் வந்தது. அவர்கள் இப்போது கரும்புக்கடையில் இருப்பதை விசாரித்து, நேரில் கொடுக்கப் போனேன். டீ கொடுத்தார்கள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அந்த அம்மையார் கேட்டது இதுதான்:

"ஏனுங்ண்ணா, அந்த பாத்ரூம் சன்னல் தெறந்துதானுங்க இருக்குது?"

அடைத்துவிட்டார்கள் என்றேன். அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்த் தம் கணவரை எழுப்பினார்.

8. அவர் கணவர் திரு. உமர் பாரூக் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். அவர்கள் இருந்த காலத்திலும் உரிமையாளர் அந்த வென்டிலேட்டரைப் பலகை வைத்து அடைத்திருந்தாராம். சாஜிதா பேகம் இருமுறை குளியலறையில் மயங்கி விழுந்திருக்கிறார். ரத்தம் குறைவு என்று சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். உமர் பாரூக் ஒருநாள் கீசரின் தீயைப் பார்த்துவிட்டு, தாமே பலகையைப் பெயர்த்து எறிந்திருக்கிறார். புகைக் குழாய் இல்லாமல் கீசர் ஓடுகிறது, வென்டிலேட்டரையும் அடைத்தால் ஆள் செத்துப்போவார்கள் என்று 2024 ஜனவரியில் உரிமையாளருக்கு வாட்ஸப்பில் எழுதியிருக்கிறார். உரிமையாளர் அதைப் படித்ததற்கான நீல அடையாளம் இருக்கிறது. பதில் இல்லை. அந்தச் செய்தியின் நகலை எனக்குக் கொடுத்தார்கள், இணைத்துள்ளேன்.

9. ஆகவே, அடைத்தால் ஆபத்து என்று தெரிந்த பிறகும் உரிமையாளர் செப்டம்பரில் மறுபடி அடைத்தார். இது எனக்குத் தெரிந்தது. ஏன் அடைத்தார் என்பது என் சந்தேகம்: அந்த வென்டிலேட்டருக்கு நேர் மேலேதான் அவருடைய படுக்கையறைச் சன்னல் இருக்கிறது. ஆகஸ்ட் மாதத்தில் அவர் மனைவி கீதாவிடம், "கீழ இருந்து என்னமோ கருகுன வாடை எங்க ரூமுக்கு வருதுங்க அம்மணி" என்று சொல்லியிருக்கிறார். புகை தம் அறைக்கு வரக்கூடாது என்று எங்கள் அறையிலேயே அடைத்துவிட்டாரோ என்று நினைக்கிறேன். இதை என்னால் நிரூபிக்க முடியாது. திருடன் வந்ததாகச் சொல்லப்பட்ட பக்கத்துத் தெருவில் வீடு வீடாக விசாரித்தேன். அப்படி ஒரு திருட்டு நடந்ததாக யாருக்கும் தெரியவில்லை.

10. 29.12.2024 ஞாயிற்றுக்கிழமை சஹீர் என்ற கேஸ் மெக்கானிக்கை அழைத்து வந்தேன். கதவைத் திறந்துவைத்து கீசரைப் பற்றவைத்தார். தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தது. மேலே சுவரில் கரி படிந்திருந்தது. உடனே அணைத்துவிட்டார். "புகைக் குழாயே மாட்டலீங்களே அண்ணா. வாடையும் இருக்காது, நிறமும் இருக்காது. நீங்க உசுரோட நிக்கறதே பெருசுங்க" என்றார். அது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு என்று விளக்கி, தாம் பார்த்ததை ரசீதுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். கீசரை நான் படம் எடுத்தேன். அதன் மூடியில் இனியா ஒட்டிய மஞ்சள் பட்டாம்பூச்சி ஸ்டிக்கரும் படத்தில் தெரிகிறது.

பேருந்துக்குள் எஞ்சின் புகை வந்தால் என்ன ஆகும் என்று பத்தொன்பது ஆண்டுகளாக எனக்குத் தெரியும், ஐயா. என் வீட்டுக்குள் நான் அதைப் பார்க்கவில்லை.

11. அன்று மாலையே உரிமையாளரிடம் நேரில் சொன்னேன். பார்க்கிறேன் என்றார். 02.01.2025 அன்று நானும் கீதாவும் வேலைக்குச் சென்றிருந்தபோது, எங்களிடம் கேட்காமல் மாற்றுச் சாவியால் வீட்டைத் திறந்திருக்கிறார். மாலையில் வந்து பார்த்தால் கீசர் இல்லை. சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தது. பலகை போய், வென்டிலேட்டரில் புதுக் கம்பிவலை இருந்தது. கேட்டதற்கு அன்று, "அது ரிப்பேருங்க, காயலான் கடைக்குப் போட்டுப்போட்டேன்" என்றார். மூன்று நாள் கழித்து எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டபோது, "நம்ம ஊட்ல எப்பங்க கேஸ் கீசர் இருந்துச்சு?" என்று என்னையே கேட்டார். ஒரே வாரத்தில் ஒரே மனிதர் சொன்ன இரண்டு பதில்கள் இவை. மெக்கானிக் சஹீர் இப்போது என் தொலைபேசி அழைப்பை எடுப்பதில்லை. யாராவது அவரிடம் பேசினார்களா என்பது எனக்குத் தெரியாது.

கீசர் போனதிலிருந்து கீதாவுக்குத் தலைவலி வரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

12. இத்துடன் முடிந்திருந்தால் என் வேலைக்காக மட்டும் மனு எழுதியிருப்பேன். ஜனவரி 17ஆம் தேதி, சரக்கு ஆட்டோ ஓட்டும் என் நண்பர் திருமூர்த்தி பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். "உங்க ஊட்டு கீசர நாந்தானுங்க கோவில்பாளையத்துல எறக்குனேன். அங்க புதுசா குடிவர்றாங்கன்னு உங்க ஓனர் மாட்டச் சொன்னாருங்க" என்றார். காயலான் கடைக்குப் போனதாகச் சொல்லப்பட்ட கீசர் அது.

13. மறுநாள் சனிக்கிழமை காலை அந்த வீட்டுக்குப் போனேன். தை பிறந்ததும் பால் காய்ச்சிக் குடிவந்தவர்கள். வாசலில் மாவிலைகூட வாடவில்லை. கணவர் திரு. சபரீஷ், மனைவி திருமதி லோகப்பிரியா. அந்தப் பெண் ஆறு மாதக் கர்ப்பிணி. நான் சொன்னதைக் கேட்டு லோகப்பிரியா உள்ளே போய்ப் பார்த்து வந்து, மஞ்சள் பட்டாம்பூச்சி ஒட்டியிருக்கிறது என்றார். அங்கும் புகைக் குழாய் இல்லை என்றார். ஒரே ஒரு சின்னச் சன்னல், குளிருக்காக மூடி வைத்திருக்கிறோம் என்றார்.

சபரீஷ் அங்கேயே உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் என்ன சொன்னார் என்பது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. "அவருக்கு வலிப்புங்க தம்பி, வேலை போயிருச்சு. பாவம், எல்லாத்தையும் சந்தேகப்பட்டுட்டுத் திரியறாரு. கதவச் சாத்திக்கங்க." சபரீஷ் மரியாதையாகத்தான், போய் வாருங்கள் என்றார். கதவைச் சாத்திவிட்டார். வாட்ஸப் நகலையும் மெக்கானிக்கின் சீட்டையும் காட்ட என் சட்டைப்பையில் கை விட்டபடி நான் வெளியே நின்றேன்.

14. நேற்றும் இன்றும் காலை ஐந்தரை மணியிலிருந்து அந்த வீட்டுக்கு எதிரிலுள்ள டீக்கடையில் நிற்கிறேன். அவர்கள் இருவரும் குளித்து வெளியே வந்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகே அங்கிருந்து கிளம்புகிறேன். விழுகிற சத்தம் கேட்டால் கதவை உடைக்க ஓர் ஆளாவது வேண்டும் என்பதுதான் காரணம். இதைத் தொல்லை என்று உரிமையாளர் காவல்துறையில் சொல்லியிருக்கிறார். அந்தத் தெருப்பக்கம் போக வேண்டாம் என்று நேற்று மாலை தொலைபேசியில் எனக்கு அறிவுறுத்தினார்கள். திருமணமான பெண் இருக்கும் வீட்டு முன்னால் அந்நிய ஆண் தினமும் நிற்பது எப்படித் தெரியும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனாலும் இன்று காலை போனேன். அதற்கு நடவடிக்கை எடுத்தால் ஏற்றுக்கொள்கிறேன்.

15. இன்று காலை ஆறு இருபதுக்கு லோகப்பிரியா தலையில் ஈரத் துண்டோடு வெளியே வந்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். ஒரு கையை நெற்றியில் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கமிருந்தே, "ஏனுங்ண்ணா, அதுல தலைவலி வருமுங்களா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து கணவர் கூப்பிட்டார். அவர் போய்விட்டார். நான் அங்கிருந்து பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, நேராகத் தங்கள் அலுவலகத்துக்கு வந்து, வெளியே மரத்தடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

எனவே தங்களிடம் கேட்பது:

அ. கோவில்பாளையம் வீட்டில் உள்ள கீசரை இன்றே தகுதியுள்ள அலுவலர் ஒருவர் ஆய்வு செய்து, இயக்கத்திலிருந்து நிறுத்தி, உரிமையாளர் கைக்குப் போகாமல் கைப்பற்ற வேண்டும். முகவரி தனித்தாளில் இணைத்துள்ளேன்.

ஆ. லோகப்பிரியாவை அரசு மருத்துவமனையில் பரிசோதிக்க அறிவுறுத்த வேண்டும்.

இ. உரிமையாளருக்கு வேறு எத்தனை வாடகை வீடுகள் உள்ளன, அவற்றில் எத்தனை குளியலறைகளில் இப்படிப்பட்ட கீசர்கள் உள்ளன என்று விசாரிக்க வேண்டும். மூன்று வீடுகள் என்று கேள்விப்படுகிறேன். உறுதியாகத் தெரியாது.

ஈ. ஆய்வு அறிக்கையின் நகல் ஒன்றை எனக்குத் தர வேண்டும். அத்தகைய அறிக்கை இருந்தால் என் மயக்கத்தின் காரணத்தை மறுபரிசீலனை செய்வதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார். இந்த நான்காவது கோரிக்கைக்காகத்தான் முதல் மூன்றையும் எழுதினேன் என்று யாரேனும் சந்தேகித்தால், இதை அடித்துவிட்டு மற்ற மூன்றையும் நிறைவேற்றித் தரலாம். எனக்குச் சம்மதம்.

அந்தப் பெண் கேட்டதற்கு வரும் என்பதுதான் பதில், ஐயா. நான் சொன்னால் அந்த வீட்டில் நம்பமாட்டார்கள். தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் போய்க் கதவைத் தட்டினால் திறப்பார்கள். அவர்கள் நாளை காலை தண்ணீர் காயவைப்பதற்கு முன் அது நடக்க வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: கோயம்புத்தூர்
நாள்: 20.01.2025

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து இந்த அலுவலக வாசலிலேயே காத்திருக்கும்,

(ஒப்பம்)
ரா. மாசாணம்

இணைப்பு: வாடகை ஒப்பந்த நகல், மருத்துவச் சீட்டுகள், திரு. உமர் பாரூக் அனுப்பிய வாட்ஸப் செய்தியின் நகல், மெக்கானிக்கின் குறிப்பு, கீசரின் புகைப்படம், கோவில்பாளையம் வீட்டின் முகவரி.